பதினொரு தகரங்களின் கலைப் பயணம்

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் கோடைகாலம் என்று ஒன்று இருக்கிறது என்பது 2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் இரண்டாம் திகதி காலை ஆறரை மணிக்குத்தான் தெரியவந்தது. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் பெரிய துரை யாரையும் வேலைக்கு அனுப்பாமல் நிற்கச் சொன்னார். அவர் பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் நின்றார். இருவருக்கும் குடை பிடிக்க இருவர் நின்றார்கள். மழை நாலு நாளாக விடவில்லை. அந்த மழைக்குள்ளிருந்துதான், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இருபத்தொரு நாள் கோடைகால இசை நாடக முகாம் நடக்கப்போகிறது என்ற அறிவிப்பு வந்தது.

கோடை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. துரை சொன்னால் கோடைதான். பிறகு தெரிந்த சங்கதி என்னவென்றால், காசு கொடுத்த வெளிநாட்டுக்காரர்களின் படிவத்தில் 'கோடை' என்று அச்சாகியிருந்தது. அதைத் திருத்துவதற்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஒன்பது மாதம் பிடிக்கும். அதனால் பலாங்கொடைக்கு மேலே உள்ள மலைகளுக்கு அந்த வருடம் கோடை விதிக்கப்பட்டது.

கொழும்புக்காரரின் பெயர் இந்திரகுமார். பெருந்தோட்டச் சிறார் ஆற்றுகை வள நிலையம் என்ற நிறுவனத்தின் பணிப்பாளர். தோளில் ஏழையின் சணல் பை, காலில் பணக்காரனின் சப்பாத்து. எந்தக் கடையிலும் முதலாளி ஒரு நிமிடம் குழம்பிப்போய், பிறகு காலைப் பார்த்து விலை சொல்வார். அவர் பேசினார்.

"நீங்கள் உங்களை ஏழைகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது தவறு. உங்களிடம் துயரம் இருக்கிறது. கொழும்பில் நாங்கள் அதற்கு என்ன பாடுபடுகிறோம் தெரியுமா? நூற்றைம்பது வருடத் துயரத்தை லயத்துக்குள் பூட்டி வைத்திருக்கிறீர்கள். இனி அதை நாங்கள் எடுத்துச் செல்வோம்."

கடைசி வசனம் மட்டும் எல்லாருக்கும் விளங்கியது. கை தட்டினார்கள்.

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்காரர்கள் வரிசையில் கத்தியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்ற மூக்கையாவும் தட்டினார். அவருக்கு அந்த வருடம் வேண்டியிருந்தது ஒன்றுதான். மனைவி மல்லிகாவுக்கு ஆறு மாதம். பிள்ளை ஒக்டோபர் கடைசியில் பிறக்கும் என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தாள். ஒக்டோபர் கடைசியில் அங்கே மழை எப்படிப் பெய்யும் என்று மருத்துவிச்சி சொல்லத் தேவையில்லை. வரிசை அறைகளாய் இருந்த லயத்தில் கடைசிக் காம்பிரா மூக்கையாவுடையது. அதன் மேல் இருந்த பதினொரு தகரமும் துருப்பிடித்து, ஓட்டை விழுந்து, ஓட்டைக்கு வைத்த தாரும் ஓட்டையாகியிருந்தது. பிள்ளை பிறக்குமுன் புதுத் தகரம் வேண்டும் என்று தோட்டக் கந்தோருக்கு மூன்று மனுத் துண்டு எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றையும் பெரிய கிளாக்கர் ஒரே கம்பியில் குத்தி வைத்திருந்தார்.

முகாமில் நாற்பத்திரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். பகல் சாப்பாட்டுக்குக் கோழி என்று செய்தி பரவியதுதான் காரணம். மூக்கையாவின் மகள் விஜயகலாவுக்குப் பன்னிரண்டு வயது. அவள் கோழிக்காகவும் சேர்ந்தாள், பாட்டுக்காகவும் சேர்ந்தாள்.

முதல் மூன்று நாளும் கழுத்தில் அட்டை மாட்டுவதில் போனது. நாலாம் நாள் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு படிவம் கொடுத்து வீட்டில் நிரப்பி வரச் சொன்னார்கள். அதில் ஒரு கேள்வி, உங்கள் குடும்பத்தினர் தமது கவலைகளைப் பாடலாகப் பாடுவது எப்போது என்பது. எப்போதும், அடிக்கடி, அறுவடைக் காலத்தில் மட்டும் என்று மூன்று விடை கொடுத்து ஒன்றில் புள்ளடி போடச் சொல்லியிருந்தது. தேயிலைக்கு அறுவடைக் காலம் எது என்று மூக்கையா மல்லிகாவிடம் கேட்டார். மல்லிகா, கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை தண்ணிக்கு என்று ரெண்டு கிலோ கழிக்கிறாரே, அந்த நேரம் கொஞ்சம் முணுமுணுப்போம், அதைப் போடுங்க என்றாள். அதற்குப் பெட்டி இருக்கவில்லை.

ஐந்தாம் நாள் பிள்ளைகளைப் பாடச் சொன்னார்கள். பஸ்ஸில் கேட்ட சிங்களப் பாட்டைப் பாடினார்கள். சினிமாப் பாட்டைப் பாடினார்கள். விஜயகலா சவர்க்காரத்தூள் விளம்பரத்தை இரண்டு மொழியிலும் பாடினாள். குரல் நன்றாகவே இருந்தது. இந்திரகுமாரின் முகம்தான் சுருங்கிப்போனது. இந்தப் பிள்ளைகளின் மரபு களவு போய்விட்டது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். களவு போன மரபின் பிரதி ஒன்று அவரிடம் இருந்தது. யாரோ ஆராய்ச்சிக்காரர் எப்போதோ பதிந்த ஒலிநாடா. அதில் சவுக்கடி பற்றி ஒரு பாட்டு. சவுக்கு என்றால் என்ன என்று விஜயகலா கேட்டதற்கு அங்கிருந்த மூன்று பயிற்றுநர்களும் விளக்கம் சொன்னார்கள். பெரிய துரையிடம் அது இல்லையே, கைத்தொலைபேசிதானே இருக்கு என்றாள் அவள். அவளுக்குக் கற்பனை வளம் குறைவு என்று அட்டையின் பின்பக்கம் எழுதப்பட்டது.

அதன் பிறகு பேச்சுப் பயிற்சி. தோட்டத்துப் பிள்ளைகள் தோட்டத் தமிழைச் சரியாகப் பேசவில்லை என்பது கண்டுபிடிக்கப்பட்டு, பணக்காரர்கள் வாழும் கொழும்பு ஏழிலிருந்து ஒரு அக்கா வந்து தோட்டத்துக்காரர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று சொல்லிக் கொடுத்தார். விஜயகலா அந்தத் தமிழோடு வீட்டுக்கு வந்தபோது, வாயில் என்னடி புண்ணா என்று மல்லிகா கேட்டாள்.

துயரப் பயிற்சிதான் சரியாக அமையவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, தம் மூதாதையரின் கண்ணீரை உணர வேண்டும். கோழி சாப்பிட்ட பிள்ளைகள் தூங்கின. சில சிரித்தன. நிலையத்தின் உயர்மட்டக் குழு கூடி ஆராய்ந்து, துயரத்தை முன்னுக்கும் கோழியைப் பின்னுக்கும் மாற்றியது. அன்றிலிருந்து பயிற்சி அபாரமாக நடந்தது. சமையலறைப் பக்கமிருந்து மணம் வர வர நாற்பத்திரண்டு முகத்திலும் அப்படி ஒரு ஏக்கம். இந்திரகுமார் அதை வீடியோ எடுத்தார்.

நாடகத்தின் பெயர் 'ஒழுகும் வானம்'. எழுதியவர் அவரே. லயத்துக் காம்பிரா ஒன்றில் கூரை ஒழுகுகிறது. தாய் ஒரு சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு பாடுகிறாள். தகப்பன் துரையிடம் கூரை கேட்கப் போகிறான், கிடைக்கவில்லை. கடைசியில் நம்பிக்கைதான் உண்மையான கூரை என்று எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள். தாயாக நடிக்க விஜயகலாவைத் தெரிந்தெடுத்தார்கள். அவளுக்குச் சட்டி பிடித்துப் பழக்கம் இருந்தது.

இதற்கு மேடையில் ஒரு காம்பிரா வேண்டும். தச்சன் பலகையில் மூன்று சுவர் செய்து சுண்ணாம்பு அடித்தான். கூரைக்குப் பலாங்கொடை மக்கீன் முதலாளியின் இரும்புக் கடையிலிருந்து பதினொரு புதுத் தகரம் லொறியில் வந்து இறங்கியது. அதற்குப் பழுப்பு நிறம் பூசிப் பார்த்தார்கள். இந்திரகுமார் தூரத்தில் நின்று பார்த்தார், கிட்டப் போய்த் தட்டிப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டினார். இது பொய் சொல்கிறது என்றார். உண்மை சொல்லும் தகரம் தேடி ஒரு கூட்டமாகக் குடை பிடித்துக்கொண்டு லயத்துக்கு வந்தார்கள்.

மூக்கையாவின் காம்பிராவுக்கு முன்னால் வந்ததும் இந்திரகுமார் நின்றுவிட்டார். நகைக்கடைக்குள் முதன்முதலாக நுழைந்தவர் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய், ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் விழுந்த வெளிச்சத்தைக் கையில் பிடித்துப் பார்த்தார். மல்லிகா அவசர அவசரமாகப் பாயைச் சுருட்டினாள். வேண்டாம், அந்தப் பாயும் அப்படியே இருக்கட்டும், அழகாக இருக்கிறது என்றார் அவர்.

நிலையத்தின் கள இணைப்பாளர் பளீலா, பலாங்கொடை டவுன் பெண், மூன்று மொழியிலும் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். இந்தக் கூரையை மூக்கையா கொடுக்கச் சம்மதம் என்று ஒரு கையெழுத்து வேண்டும் என்றாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்து ஸ்டோரில் ஒரு வழக்கம். தேய்ந்த மண்வெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் புது மண்வெட்டி. மழுங்கிய கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தால்தான் புதுக் கத்தி. கிழிந்த கொழுந்துச் சாக்குக்கும் அதே சட்டம். பழசு உள்ளே போகாமல் புதுசு வெளியே வராது. பழசு உள்ளே போய்விட்டால் புதுசு வராமலும் இராது. இருபது வருடத்தில் மூக்கையா எட்டுக் கத்தியும் ஐந்து மண்வெட்டியும் அப்படித்தான் வாங்கினார். ஒரு தடவைகூட ஸ்டோர் ஏமாற்றியதில்லை. பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் பதினொரு புதுத் தகரம் வந்து இறங்கியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பதினொரு பழைய தகரத்தைக் கேட்டு மூன்று மொழியில் எழுதிய காகிதத்தோடு பெரிய மனுசர்கள் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். வேறு எதை அவர் நினைத்திருக்க முடியும்?

"எப்பங்க கழட்டணும்?" என்று மட்டும் கேட்டார்.

கையெழுத்துப் போட்டார். அவரே கூரைமேல் ஏறி, ஆணியைத் தட்டிக் கழற்றி, எது எந்த வரிசை என்று ஒவ்வொரு தகரத்திலும் சுண்ணக்கட்டியால் இலக்கம் எழுதி, தலையில் வைத்துக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தார். பதினொரு நடை. இந்திரகுமார் அதையும் வீடியோ எடுத்தார். புதுசு எங்கே என்று மல்லிகா கேட்டதற்கு, பின்னேரம் ஸ்டோரால அனுப்புவாங்க என்றார்.

பின்னேரம் மழைதான் வந்தது.

ஸ்டோர்காரர் சிங்களவர், நல்ல மனுசன். பழைய தகரம் எங்கே என்று கேட்டார். முகாமில் கொடுத்தாச்சு என்றார் மூக்கையா. அப்படியென்றால் நான் எதை வாங்கிக்கொண்டு புதுசு தருவது என்று அவர் சிங்களத்தில் கேட்டார். அது நியாயமான கேள்வி. முகாமில் வாங்கியதற்கு ரசீது இருக்கிறதா என்றார். இல்லை. "பே, மூக்கையா, பே" என்றார், முடியாது என்று கையை விரித்தார். கந்தோரில் பெரிய கிளாக்கர் கம்பியிலிருந்து மூன்று துண்டையும் உருவி எடுத்து, இவை பழுதான கூரை பற்றியவை, இப்போது உனக்குக் கூரையே இல்லை, ஆகவே இவை செல்லாது என்று விளக்கி, புதுத் துண்டு எழுதச் சொன்னார். எழுதினார். அது கம்பிக்குப் போனது.

உரச் சாக்குகளைப் பிரித்து, பக்கத்துக் காம்பிராக்காரி ஸ்டெல்லாவும் மல்லிகாவும் இரண்டு நாள் உட்கார்ந்து தைத்து, மூக்கையா அதைக் கூரைச் சலாகையில் இழுத்துக் கட்டினார். காற்று வராதபோது அது கூரை மாதிரியே இருந்தது.

மூன்றாம் நாள் முகாமுக்குப் போனார். அங்கே அவர் கண்டதை நம்புவதற்குச் சற்று நேரம் பிடித்தது. பிரட்டுக்களத்து ஓரத்தில் மேடை போட்டு, பலகைச் சுவரின்மேல் அவருடைய பதினொரு தகரமும் அவர் போட்ட இலக்கத்தின்படியே வரிசையாக இருந்தன. துரு உதிர்ந்துவிடக் கூடாதென்று மேலே வார்னிஷ் பூசியிருந்தார்கள். அந்தக் கூரை நனையக் கூடாதென்று அதற்கு மேலே நாலு கம்பு நட்டு ஒரு கொட்டகை. அந்தக் கொட்டகையின் கூரை, மக்கீன் முதலாளி கடையிலிருந்து வந்த பதினொரு புதுத் தகரம்.

மூக்கையா பளீலாவைத் தனியாகக் கூப்பிட்டார். அவரால் கோபப்பட முடியவில்லை. கோபப்படுவது ஏதோ இன்னொருவனின் வேலை மாதிரி இருந்தது. மேலே இருக்கிற புதுசைக் கொடுங்க, கீழே இருக்கிற பழசை நீங்களே வச்சுக்கிட்டுப் போங்க என்று மெதுவாகக் கேட்டார். பளீலா உள்ளே போய் இந்திரகுமாரிடம் கேட்டு வந்தாள். அவர் சொன்னதை அப்படியே சொல்வதற்கு அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"புதுசக் கழட்டினா கூரை நனைஞ்சி போகுமாம், மூக்கையாண்ணே."

"எங்க கூரைங்களா?"

"அதுதான்."

மூக்கையா யோசித்தார். "அது நனைஞ்சி பழகுன கூரைதாங்க" என்றார்.

பளீலா அதையும் போய்ச் சொன்னாள். இந்திரகுமார் அந்த வசனத்தை நாடகத்தில் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சணல் கயிறு வாங்கப் பலாங்கொடைக்கு இறங்கியபோது மூக்கையா மக்கீன் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னார். முதலாளி அவரைவிட அதிகமாகக் கவலைப்பட்டார். கூரைக்காக இல்லை, வியாபாரம் பிழைத்துப்போனதற்காக.

"பழசக் குடுத்தா புதுசு தாரது ஸ்டோர்ட சட்டம். இவங்க ஸ்டோரா? நீங்க கடை மாறிப் போய்ச் சாமான வச்சிட்டு வந்திக்கிறீங்க மூக்கையா. நான் அம்பது வருசமாக் கடை வச்சிக்கிறேன், வந்து வாங்கிட்டுச் சாமானுக்குக் காசு தராதவனப் பாத்திக்கிறேன். ஒண்டும் தராம வீட்டுக் கூரையையே கழட்டிட்டுப் போறவன இப்பத்தான் காணுறேன்."

கயிற்றில் இரண்டு முழம் கூடவே அளந்து கொடுத்தார்.

முகாமின் கடைசி நாள் நாடகம் அரங்கேறியது. வெளிநாட்டிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து மழை பெய்யவில்லை. ஆகவே தோட்டத்துக்கு உண்மையிலேயே கோடை வந்துவிட்டது என்று வரவேற்புரையில் சொல்ல முடிந்தது. பெரிய துரை கழுத்தில் போட்ட மாலையோடு எழுந்து பேசினார். அவருடைய தமிழ் கொஞ்சம் தடுக்கும், நேர்மை தடுக்காது.

"இந்தத் தோட்டத்தில் கம்பனி கூரை மாத்திக் குடுக்கிறதில்ல என்று சில பேர் பத்திரிகையில் எழுதினாங்க. இருபத்திரண்டு வருசமா நாங்க ஒரு தகரம்கூட மாத்தல்ல. அது உண்மை. மாத்தியிருந்தா இன்றைக்கு இந்தக் கலை எங்க இருந்து வரும்? பக்கத்துத் தோட்டத்தில் எல்லாம் மாத்திட்டாங்க. இப்ப அங்க ஒரு நல்ல ஓட்டைகூட இல்ல. நாங்கதான் பாதுகாத்து வச்சிருக்கோம்."

வெளிநாட்டுக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர்களும் தட்டினார்கள்.

நாடகம் முடிந்ததும் மூக்கையா கயிற்றோடு மேடைக்கு ஏறினார். தகரத்தைக் கட்டிக் கொண்டுபோக லயத்து ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு வைத்திருந்தார். இந்திரகுமார் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்து, ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தி, இந்தக் கூரையைத் தந்த கலைஞர் இவர்தான் என்றார். அத்தோடு நல்ல செய்தி ஒன்றையும் சொன்னார். ஒக்டோபர் இரண்டாம் வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் கொழும்பில் கண்காட்சி. நாடகமும் கூரையும் போகின்றன. பெற்றோர் இருவரும் சமூகப் பிரதிநிதிகளாக வரவேண்டும்.

பளீலா படிவத்தை எடுத்துக் காட்டினாள். நிரந்தரமாக, மனமுவந்து, சமூகப் பங்களிப்பாக என்று மூன்று மொழியிலும் இருந்தது. கீழே மூக்கையாவின் கையெழுத்து. அவள் குரலைத் தணித்து, நான் அன்றைக்கே வாசித்துச் சொல்லியிருக்க வேணும் அண்ணே என்றாள். பரவாயில்லைங்க என்றார் மூக்கையா. கூப்பிட்டு வைத்த நாலு பேரும் தகரத்தை லொறியில் ஏற்ற உதவினார்கள். பிள்ளைகளுக்குக் கோழி கொடுத்தார்கள்.

செப்டெம்பர் முழுக்க உரச் சாக்கின் கீழே போனது. சாக்குத் தையலில் தண்ணீர் நின்று தொங்கும். விடியற்காலம் மூக்கையா எழும்பி விளக்குமாற்றின் அடியால் குத்தி அதை வெளியே தள்ளுவார். தள்ளிவிட்டுப் பிரட்டுக்குப் போவார். தோட்டத்துச் சுகாதார உத்தியோகத்தர் வந்து பார்த்து, இந்த ஈரத்தில் பிள்ளைத்தாய்ச்சி படுக்கக் கூடாது, பச்சைப் பிள்ளையை வைக்கவே கூடாது என்று அட்டையில் சிவப்பு மையால் எழுதிவிட்டுப் போனார். எங்கே படுக்கலாம் என்பதற்கு அட்டையில் இடம் இல்லை. மூக்கையா ஐந்தாவது தடவையும் கந்தோருக்குப் போனார். ஒக்டோபர் மட்டும் பொறு, கண்காட்சி முடிந்து பழைய தகரம் வந்தால் அதை ஸ்டோரில் கொடுத்துப் புதுசு எடுக்கலாம் என்று பெரிய கிளாக்கர் சொன்னார். மூக்கையா அதைப் பிடித்துக்கொண்டார். வேறு பிடிப்பதற்கு எதுவும் இல்லை.

எட்டரை மாத வயிற்றோடு மல்லிகா கொழும்புக்குப் போக வேண்டாமென்று ஸ்டெல்லா சொன்னாள். பஸ்ஸுக்குள்ள ஒழுகாது அக்கா என்று சொல்லிவிட்டு மல்லிகா ஏறிக்கொண்டாள்.

கண்காட்சி மண்டபம் குளிரூட்டப்பட்டிருந்தது. நடுவில் மேடை. மேடையில் அவர்களுடைய காம்பிரா. சுற்றிலும் தடுப்புக் கயிறு கட்டி, தொடக் கூடாது என்று மூன்று மொழியில் அட்டை. தகரங்களுக்குப் பின்னால் குழாய் பூட்டியிருந்தார்கள், நாடகத்தில் மழை வரும் கட்டத்தில் தண்ணீர் ஒழுகுவதற்கு. பெற்றோருக்கு மூன்றாம் வரிசை. மூக்கையா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நாடகம். விஜயகலா சட்டியோடு வந்து கொழும்பு ஏழு அக்கா சொல்லிக் கொடுத்த தோட்டத் தமிழில் பேசினாள். மழை வந்தது. கூரை ஒழுகியது. ஆனால் தண்ணீர் ஆறாம் இலக்கத் தகரத்தின் ஓட்டையால் விழுந்துகொண்டிருக்க, வாளியைக் கொண்டுபோய் எட்டாம் இலக்கத்தின் கீழ் வைத்திருந்தார்கள். பாய் நனைந்துகொண்டிருந்தது. அது கூரையோடு முகாமுக்குப் போன மல்லிகாவின் பாய். மூக்கையா கொஞ்ச நேரம் பார்த்தார். யாராவது தள்ளி வைப்பார்கள் என்று காத்திருந்தார். பிறகு எழும்பி, மன்னிச்சுக்கங்க என்று முழங்கால்களைத் தாண்டி, மேடைக்கு ஏறி, வாளியை எடுத்து ஆறாம் இலக்கத்தின் கீழ் வைத்தார். பாயை எடுத்து உதறிச் சுவரோரம் இழுத்துப் போட்டார். தண்ணீர் வாளிக்குள் சரியாக விழுகிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, இறங்கி வந்து இடத்தில் உட்கார்ந்தார்.

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. முன்வரிசையில் இருந்த பிரதம விருந்தினர் அம்மா கண்ணைத் துடைத்தார். இப்படி ஒரு நடிப்பைத் தான் எந்த நாட்டிலும் கண்டதில்லை என்றும், இந்தக் கலைஞர் எங்கே பயிற்சி பெற்றவர் என்றும் கேட்டார். எங்கள் முகாமில் என்றார் இந்திரகுமார்.

பகல் சாப்பாட்டுக்கு இடைவேளை. குழாயை மூடினார்கள். பெற்றோர் தங்குவதற்கு ஏற்பாடு இருக்கிறதா என்று மூக்கையா கேட்டதற்கு, பிள்ளைகளுக்கு விடுதி எடுத்திருக்கிறது, பெற்றோர் பற்றித் திட்டத்தில் வரவில்லை, பார்ப்போம் என்றார்கள். மல்லிகாவுக்குக் கால் வீங்கியிருந்தது. நாற்காலியில் சாய முடியவில்லை. அவள் சோற்றுப் பார்சலைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். தடுப்புக் கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்து மேடைக்குப் போனாள். வாளியைத் தள்ளி வைத்தாள். பாயில் ஈரமில்லாத பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்து, சேலைத் தலைப்பைச் சுருட்டித் தலைக்கு வைத்து, தன்னுடைய கூரையின் கீழ் படுத்தாள். கண்ணை மூடுமுன் மேலே ஒரு தடவை பார்த்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவளுக்கு மேலே தகரம் இருந்தது, அது காய்ந்திருந்தது. இரண்டு நிமிடத்தில் தூங்கிப்போனாள்.

சாப்பிட்டு வந்த கூட்டம் அதைக் கண்டு நின்றது. முதலில் பேசிக்கொண்டு வந்தவர்கள் குரலைத் தணித்தார்கள். பிறகு வரிசையாக நின்று பார்த்தார்கள். சிலர் படம் எடுத்தார்கள். எழுப்பப் போன மூக்கையாவின் கையை இந்திரகுமார் பிடித்துக்கொண்டார்.

"எழுப்பாதீர்கள். தயவு செய்து. இது என் நாடகத்தில்கூட வரவில்லை."

பிரதம விருந்தினர் அம்மா கயிற்றுக்கு வெளியே நின்று மூக்கையாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். உங்களுடைய கலை தொடர்வதற்கு எங்களிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று பளீலா அதைத் தமிழில் சொன்னாள்.

மூக்கையா மனைவியைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். பன்னிரண்டு நாளோ பதினைந்து நாளோ, அதற்குள்தான் பிரசவம் என்று மனதுக்குள் எண்ணினார்.

"புள்ள பொறக்குற வரைக்கும் இது இப்புடியே இங்க இருக்குங்களா?" என்று கேட்டார்.

பளீலா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துபோய், அழகான படிமம் என்றார். இந்திரகுமார் எழுதிக்கொண்டார். இருவரும் பேசிக்கொண்டே தேநீர் மேசைப் பக்கம் போனார்கள்.

பளீலா மட்டும் நின்றாள். அவள் படிவம் எதையும் எடுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு லொறி வரும், மூக்கையாண்ணே. அடுத்த கண்காட்சி வெளிநாட்டில. கப்பல்ல அனுப்புறாங்க. தோட்டத்துக்குத் திரும்பி வராது."

மூக்கையா தலையை ஆட்டினார். ஸ்டோர்காரரின் முகமும் பெரிய கிளாக்கரின் கம்பியும் அவருக்கு நினைவு வந்திருக்கலாம். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து மனைவியின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கயிற்றுக்கு வெளியே வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.

தூங்குகிறாள் என்று நினைத்த மல்லிகா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"இன்னைக்கு என்ன கெழம?"

"வெள்ளி."

"அப்ப ஞாயித்துக்கிழம நாலு மணி வரைக்கும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.